காரைக்குடி எஃப்.எம்.முக்கு யார் பாட்டு அடுக்குவது?

காரைக்குடிக்கும் தனியார் எஃப்.எம். வருமாமே? (காரைக்குடி வாசகர்)

234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பட்டியலில் காரைக்குடியும் உண்டு. எப்போது வந்தாலும் ராத்திரியில் பாட்டுப் போடப்போவது கணினிதான். அதற்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்பதை இப்போதே பேசிவிடுவோம்.

கணினிக்குப் பாட்டு ரசனை உண்டா? (தேவகோட்டை வாசகி)

கிடையாது. புதுசு, எண்பதுகள், பழசு என்று மனிதர்தான் பாடல்களைப் பிரித்துவைக்கிறார். எந்தப் பிரிவுக்குப் பின் எது என்று மணிக்கு மணி வரிசையும் வகுக்கிறார். அதை நிரப்பும் வேலை மட்டுமே மென்பொருளுக்கு.

தினமும் காலை எட்டு மணிக்கு ஒரே பாட்டு வருகிறதே, ஏன்? (கானாடுகாத்தான் வாசகர்)

ஒரு பிரிவில் 24 பாட்டு வைத்து, மணிக்கு ஒன்று போட்டால், மறுநாள் அதே நேரத்துக்கு அதே பாட்டு வந்து நிற்கும். இன்னொன்று சேர்த்து 25 ஆக்கினால் தினமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். மருந்து ஒரே ஒரு பாட்டுதான்!

ஒரே பாடகர் அடுத்தடுத்து வராமல் தடுக்கலாமா? (திருப்பத்தூர் வாசகி)

தடுக்கலாம். ஆனால் பாடகரை மட்டும் பார்த்தால் நமக்குப் போதாது. எஸ்.பி.பி., ஜானகி, யேசுதாஸ் என்று குரல் மாறினாலும் மூன்றும் இளையராஜா பாட்டாக இருக்கலாம். பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், படம் என எல்லாவற்றையும் ஒவ்வொரு பாட்டுக்கும் பதிந்து, ஒரே பெயர் அடுத்தடுத்து வரக்கூடாது என்று விதி வைக்க வேண்டும்.

கண்ணதாசன் பாட்டாகவே கேட்க ஆசை. விதி விடுமா? (சிறுகூடல்பட்டி வாசகர்)

அவர் பிறந்த ஜூன் 24 அன்று விதியைத் தாராளமாகத் தளர்த்தலாம். உங்கள் ஊர்க்காரர் ஆயிற்றே! அதேபோல, தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி பழநிக்கு நடக்கும் நாட்களில் விடியலுக்கு முன்பே முருகன் பாட்டு ஒலிக்க வேண்டும். சென்னையிலிருந்து ஒரே பட்டியல் எல்லா ஊருக்கும் வந்தால், தைப்பூசத் தேதி மட்டும்தான் அதற்குத் தெரியும். குன்றக்குடி வழியே நடப்பவர்களைத் தெரியாது.

அப்படியானால் அறிவிப்பாளர் எதற்கு? (புதுவயல் வாசகி)

பாட்டைச் சொல்லிக்கொடுக்க. இலங்கை வானொலியில் படம், பாடியவர், எழுதியவர் பெயர்களைக் கேட்டுக் கேட்டுத்தானே ஒரு தலைமுறை சினிமா இசையைக் கற்றது? 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தை ஏவி.எம். காரைக்குடியில் எடுத்தார். அதில் பாரதி பாட்டை டி.கே.பட்டம்மாள் பாடியிருக்கிறார். இந்த விவரத்தை ஒருமுறை பேசிப் பதிந்து பாட்டோடு இணைத்துவிட்டால், நள்ளிரவிலும் கணினி தவறாமல் ஒலிபரப்பும். பேசிப் பதிய ஓர் ஆள் வேண்டும். அவர் காரைக்குடிக்காரராக இருக்கட்டும்.