காய்ச்சலுக்கு முன் அனுமதி

வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்கள் காலை ஏழு மணிக்குப் போன் போட்டு, "காய்ச்சல்மா, இன்னிக்கு வரலை" என்கிறார்களாம். அடுக்குமாடிச் சங்கங்கள் கொதிப்பதில் நியாயம் இருக்கிறது. நல்ல வளர்ப்புள்ள காய்ச்சல் பதினைந்து நாள் முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டல்லவா வரும்?

ஆகவே சில விதிகள் அவசியம். பிள்ளைக்கு வாந்தி பேதி என்றால் செயலாளருக்கு விண்ணப்பம், இரண்டு பிரதிகள். வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்ததா? முதலில் நம் குக்கரை விளக்கிவிட்டுப் போய் இறைத்துக்கொள்ளலாம். தண்ணீர் எங்கே ஓடிவிடப்போகிறது? பாட்டி சாவதற்கு ஆயுளில் இரண்டு முறை மட்டும் அனுமதி. (நம் ஆபீஸ் லீவுக்காக நாம் சாகடித்த பாட்டிகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அது எச்.ஆர். சமாசாரம்.)

வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை. 2011-இல் இந்தியா அதை ஆதரித்து வாக்களித்தது. பிறகு கையோடு பரணில் போட்டுவிட்டது. என்ன தொலைநோக்கு! ஞாயிற்றுக்கிழமைதான் நம் வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள் என்பது டெல்லிக்குத் தெரிந்திருக்கிறது.

விதிகளை நிறைவேற்றக் கூட்டம் போட்டோம். செயலாளரைக் காணோம். ஊட்டிக்குத் தட்கலில் டிக்கெட் கிடைத்துவிட்டதாம். பாவம், பொறுப்பான மனிதர், ரயில் ஏறியதுமே தன் வீட்டு அக்காவுக்கும் வாட்ஸப்பில் சொல்லிவிட்டார்: "நாங்க திரும்புற வரைக்கும் வர வேண்டாம். அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது."