பிள்ளைக்கு மட்டும் சொல்லாதேங்கோ

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் உளநோய் பற்றிய மிகத் துல்லியமான பதிவேடு எந்த வைத்தியசாலையிலும் இல்லை. கலியாணத் தரகரிடம் இருக்கிறது. வாதரவத்தையில் இருந்து ஆவரங்கால் வரை எந்த வீட்டில் யாருக்கு எந்த வருடம் ‘சுகமில்லாமல்’ வந்தது, எத்தனை தரம் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனார், வார்ட்டில் நின்றாரா கிளினிக்கோடு திரும்பினாரா, வருத்தம் தாய்வழியா தகப்பன்வழியா, எல்லாம் அவர் நாக்கு நுனியில். சுகாதார அமைச்சின் புள்ளிவிபரக்காரர் இவரிடம் வந்து ஒரு கிழமை பயிற்சி எடுத்தால் நாட்டுக்கு நல்லது. இவருக்குச் சம்பளம் வேண்டாம், வாகனம் வேண்டாம், படிவமும் வேண்டாம். ஒரு பிளேன்ரீயும் இரண்டு பருத்தித்துறை வடையும் போதும்.

இந்தப் பதிவேட்டை எல்லோரும் வாசிக்கலாம். மூன்றாம் வளவு மாமி வாசிக்கலாம், கோயில் தர்மகர்த்தா வாசிக்கலாம், ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா வட்ஸப்பில் வாசிக்கலாம். ஒரே ஒரு ஆளுக்குத்தான் தடை. அந்த வீட்டில், அந்த அம்மாவோடு, ஒரே பாயில் படுத்தெழும்பும் பிள்ளைக்கு.

பிள்ளை என்ன காண்கிறது? அம்மா ஐந்து நாளாக நித்திரை கொள்ளவில்லை. விடியப்புறம் இரண்டு மணிக்கு முற்றம் கூட்டுகிறாள். வாய் ஓயாமல் கதைக்கிறாள், சிரிக்கிறாள், நகையைக் கொண்டுபோய் அடகு வைக்கிறாள். கடன் தரவென்றே படலையடியில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும் நுண்கடன் கம்பனிப் பெடியனிடம் கையெழுத்துப் போடுகிறாள். (ஆள் தெளிவாக இருக்கிறாளா என்று பார்ப்பது அந்தப் பெடியனின் வேலையில் சேராது. மூன்று பேர் பிணை நின்றால் போதும்.) பிறகு ஒருநாள் எல்லாம் அணைந்துபோகிறது. கட்டிலை விட்டு எழும்பாமல் கிழமைக்கணக்கில் படுத்திருக்கிறாள். தலை இழுக்கவில்லை, சாப்பிடவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. “அம்மாவுக்கு என்ன?” என்று பன்னிரண்டு வயது கேட்கிறது. “ஒண்டுமில்லை, நீ போய்ப் படி.”

பிள்ளை போய்ப் படிக்கிறது. கணக்குப் புத்தகத்தை அல்ல, அம்மாவின் காலடிச் சத்தத்தை. இன்றைக்கு வேகமா, மந்தமா? பாடசாலையால் வரும்போது படலைக்கு வெளியே நின்று வீட்டின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைக்கிறது. தம்பிக்குச் சோறு போடுகிறது, அடகுத் துண்டை ஒளித்து வைக்கிறது, குளிசை எண்ணுகிறது. யாரும் காரணம் சொல்லாதபடியால் தானே ஒரு காரணம் கண்டுபிடிக்கிறது: நான் குழப்படி செய்தபடியால்தான், மாக்ஸ் குறைய எடுத்தபடியால்தான் அம்மா இப்படி ஆனாள். நாங்கள் காப்பாற்றும் மௌனத்தின் விளைச்சல் இதுதான். பிறகு ஊர் சொல்கிறது: “பாவம், நல்ல பொறுப்பான பிள்ளை.”

இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. வைத்தியர்கள் இருதுருவக் கோளாறு என்கிறார்கள். மனநிலை ஒரு பக்கம் கட்டுக்கடங்காமல் ஏறும், மறுபக்கம் எழும்ப முடியாமல் இறங்கும், இடையில் நல்ல காலமும் இருக்கும். உலகில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு வரும் வருத்தம். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் ஜப்பானியரின் கைதியாக இருந்து திரும்பிய ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய மருத்துவர் 1949இல் லித்தியம் என்ற உப்பு இதற்கு வேலை செய்வதைக் காட்டினார். இன்றும் அதுதான் முதன்மையான மருந்துகளில் ஒன்று. விலையும் அவ்வளவு இல்லை. முக்கிய நிபந்தனை, இரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி சோதிக்கவேண்டும். கூடினால் நஞ்சு, குறைந்தால் பயனில்லை.

இங்கேதான் எங்கள் ஊர் வைத்தியசபை கூடுகிறது. “உந்தக் குளிசை உடம்பைக் கெடுக்கும், நிப்பாட்டு” என்கிறார் ஒருவர். “செய்வினை, கழிப்புக் கழிக்கவேணும்” என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் பக்திமான்: “கந்தசஷ்டி ஆறு நாளும் பச்சைத் தண்ணியும் படாமல் பிடி, முருகன் பார்த்துக்கொள்வான்.” லித்தியம் எடுக்கும் ஒருவரின் உடம்பில் நீர் வற்றினால் மருந்து இரத்தத்தில் தேங்கி நஞ்சாகும் என்பதை முருகன் அறிவான், இவர் அறியார். ஆறாம் நாள் அம்மா மயங்கி விழுந்தால் யார் அம்புலன்ஸுக்குப் போன் எடுப்பது? பன்னிரண்டு வயதுதான்.

சரி, தரகரின் கணக்குக்கு வருவோம். “தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும்” என்பது அவர் தீர்ப்பு. மேன்முறையீடு கிடையாது. பெற்றோரில் ஒருவருக்கு இந்த வருத்தம் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடத்தான். ஆனால் அது ஏறக்குறைய நூறில் பத்து. தொண்ணூறு பேருக்கு வராது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு பிள்ளை தொண்ணூறு வீதம் எடுத்தால் சந்தியில் பனர் கட்டி மாலை போடும் ஊர், இந்தத் தொண்ணூறை மட்டும் பெயில் என்று வாசிக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு அதைவிட அதிகம் வரக்கூடியது பதகளிப்பும் மனச்சோர்வும். அதில் பரம்பரைக்கும் பங்குண்டு. மீதிப் பங்கு வீட்டுச் சண்டைக்கும் வெட்கத்துக்கும் ‘ஒண்டுமில்லை, போய்ப் படி’க்கும் உரியது. முதற்பங்கைக் கடவுளிடம் முறையிடலாம். இரண்டாவது முழுக்க எங்கள் கைவேலை. பெற்றோருக்கு மனச்சோர்வு இருந்த பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தவர் பொஸ்ரனைச் சேர்ந்த மனநல மருத்துவர் வில்லியம் பியர்ட்ஸ்லி. தாக்குப்பிடித்து நின்ற பிள்ளைகளிடம் அவர் கண்டது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. தாய்க்கோ தகப்பனுக்கோ வருத்தம் என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது, அது தங்கள் பிழையால் வந்ததில்லை என்றும் விளங்கியிருந்தது.

அதை விளங்கப்படுத்த ஆளில்லை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் நோயாளர்களைப் பார்த்தார், மற்றவர்களையும் பயிற்றினார். சாந்திகம் என்ற அமைப்பு 1987 முதல் உளவளத்துணை செய்கிறது. 1926 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் மனநல உதவி, 1929க்கு எடுத்தால் சிறுவர் உதவி. இல்லாதது, அந்த இலக்கத்தைப் பிள்ளையின் கொப்பியில் எழுதிக் கொடுக்க ஒரு பெரிய ஆள். அரசாங்கத்தைக் கேட்டாலோ, அதன் அலுமாரியில் 1873ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதியது, பிறகு இங்குமங்கும் தையல் போட்டது. அதன் கவலை எல்லாம் ஆளை விசாரித்து எங்கே அடைப்பது என்பதில். புதிய சட்டம் பல வருடமாக வரைபாகவே பத்திரமாக இருக்கிறது. சுதந்திரம் கிடைத்தது மற்ற இலாகாக்களுக்குப் போலும்.

நாங்கள் திரளத் தெரியாத சனமில்லை. 2021 ஜனவரியில் புத்தூர் நிலாவரைக் கிணற்றடியில் தொல்லியல் திணைக்களம் மண்வெட்டி போட்டபோது சனம் திரண்டது, பிரதேச சபை திரண்டது, கமராக்கள் திரண்டன. திரண்டது சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அடி காணாத கிணறு என்பதற்காக அதற்குள் கருவி இறக்கி ஆழம் அளந்தவர்களும் உண்டு. அந்தக் கிணற்றில் இருந்து கூப்பிடு தூரத்தில், தாயின் கைப்பையில் இருந்து விஷப் போத்தலை எடுத்து வளவுக்குள் புதைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை இருந்தால், எத்தனை பேர் திரள்வோம்? ஒருவர் வருவார். தரகர். பதிவேட்டில் ஒரு வரி கூட்டிக்கொள்ள.

இனி நோர்வேக்குப் போவோம். எங்கள் சனம் அங்கே நிறைய, போவதற்குச் சிரமமில்லை. அந்த நாட்டில் 2010 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம். உளநோயோ போதைப் பழக்கமோ கடும் உடல்நோயோ உள்ள ஒருவர் சிகிச்சைக்கு வந்தால், அவருக்கு வயது வராத பிள்ளைகள் உண்டா என்று சுகாதார ஊழியர் அறியவேண்டும். உண்டென்றால் அந்தப் பிள்ளைக்கு விபரமும் துணையும் கிடைக்கப் பார்க்கவேண்டும். வைத்தியசாலைகளில் இதற்கென்றே பொறுப்பாளர்கள். நோயாளியின் பிள்ளையையும் கண்ணில் பட வைத்த சட்டம். அதற்குச் செலவு ஒரு கேள்வி.

நோர்வேயில் இருந்து எங்கள் ஊருக்கு எல்லாம் வந்திருக்கிறது. கோபுரத்துக்குக் காசு வந்தது, தேருக்குக் காசு வந்தது, மண்டபத்துக்குப் பளிங்கு வந்தது, பிறந்தநாளுக்கு ட்ரோன் கமரா வந்தது. அந்தக் கேள்வி மட்டும் சுங்கத்தில் மாட்டுப்பட்டுவிட்டது.

தெல்லிப்பழைக் கிளினிக் வரிசையில் அம்மாவோடு வந்து, கொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் யாராவது குந்தியிருந்து இப்படிச் சொன்னால் போதும்: “அம்மாவுக்கு ஒரு வருத்தம் இருக்கு. நீரிழிவு மாதிரித்தான், மருந்து எடுத்தால் குறையும், சில நேரம் திரும்பவும் வரும். அது உன்னாலை வந்ததில்லை. அம்மாவைச் சுகப்படுத்திறது உன்ரை வேலையும் இல்லை. அவ நித்திரை கொள்ளாமல் விட்டால் இந்த நம்பருக்கு எடு, நான் வருவன்.” ஒரு நிமிடக் கதை. இதைச் சொல்ல வக்கில்லாத நாங்கள், அதே பிள்ளைக்கு இருபத்தைந்து வயதாகும்போது, சாதகம் பொருந்தி, சீதனம் பேசி, மண்டபமும் பார்த்த பிறகு, தரகர் வாயால் சொல்லிவிடுவோம். தன் தாயின் நோயின் பெயரை அந்தப் பெட்டை முதன்முதலாகக் கேட்பது, கலியாணம் குழம்பியதற்கான காரணமாக.

குழப்பியவர் யார் என்றும் பார்த்துவிடலாம். மாப்பிள்ளையின் அக்கா ஒஸ்லோவில், வைத்தியசாலை ஒன்றில் நேர்ஸ். பகலில் சட்டப்படி, வாயில் தேன் வழிய, நோர்வேக்கார நோயாளியிடம் கேட்கிறார்: “உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கினமோ? அவையளுக்கு ஆர் விளங்கப்படுத்திறது?” பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, புத்தூருக்குப் போன் எடுக்கிறார்: “அம்மா, அந்தப் பகுதியிலை விசர் கிசர் ஏதும் இருக்கோ எண்டு ஒருக்கால் வடிவா விசாரியுங்கோ.”