2049 வரை பொறுத்தருள்க

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை அமைச்சகம்,
புது தில்லி.

அனுப்புநர்:
1999-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி வேன் ஒன்றின் உரிமையாளர், ஓட்டுநர், மெக்கானிக் (மூவரும் ஒருவரே),
திண்டுக்கல்.

பொருள்: வேனின் வயதோடு சேர்ந்து உயரும் கட்டணம் – நிவாரணம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

டிஎன் 57 என்று தொடங்கும் என் வேன் நலம். அது நலமாக இருப்பதுதான் இப்போது சிக்கல்.

தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்துவதற்கென்றே பிறந்த அதே மாடல்தான். எங்கள் வீட்டில் அது யாரையும் கடத்தியதில்லை. காதுகுத்துக்கும் பழநிக்கும் உறவினரை ஏற்றிப் போயிருக்கிறது. எத்தனை பேரை ஏற்றியது என்று எழுதினால் மனு வேறு பிரிவின் கீழ் போய்விடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

வேனுக்கு 2014-இல் 15 வயது நிறைந்தது. அன்றிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கிறேன். 2019-இல் அதற்கான கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் அதை 5,000 ஆக்கினீர்கள். 2024-இல் அதையும் கட்டினேன். 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டிய கார் வகையறாவுக்கு 10,000 என்று அறிவித்தீர்கள். 2029-இல் அது என் தலையில் விடியும். மாநில அரசின் பசுமை வரி தனிக்கணக்கு. மூன்று சிலிண்டர், 796 சிசி என்ஜினை வைத்துக்கொண்டு என் வேன் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் முக்கி முனகித்தான் ஏறுகிறது. உங்கள் கட்டணத்துக்கு இருக்கும் பிக்கப் அதற்குக் கிடையாது.

புதுப்பிக்கும்போது ஆய்வாளர் பிரேக் பார்க்கிறார், விளக்கு பார்க்கிறார், புகைச் சான்றிதழ் கேட்கிறார். தேறினால்தான் அடுத்த ஐந்தாண்டு. சரிதான். ஆனால் தேறிய பிறகும் பிறந்த தேதியைப் பார்த்தே பில் போடுகிறீர்கள். நன்றாக இருக்கும் வண்டிக்கும் நாசமாய்ப் போன வண்டிக்கும் ஒரே தொகை என்றால், நான் எதற்கு ஸ்பேனரும் கையுமாகத் திரிய வேண்டும்?

வேண்டாமென்றால் உடைப்புக்குக் கொடு என்கிறது உங்கள் 2021 கொள்கை. புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் உடைப்பு மதிப்பு. சான்றிதழைக் காட்டினால், வாங்கப்போகும் சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிவந்தவர், இரும்பை வாங்கிய கையோடு பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் பழத்தைத் தின்ன வேண்டுமென்றால் முதலில் புது வண்டி வாங்க வேண்டும்.

எனவே நான் பழுதுபார்த்துக்கொள்கிறேன். ஆம்னியில் இது எளிது. முன் சீட்டைத் தூக்கினால் என்ஜின். சூடு ஏறினால் மீட்டர் முள்ளுக்கு முன்பே உட்கார்ந்த இடம் சொல்லிவிடும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், வேனுக்குப் பிடித்துவைத்த மழைத் தண்ணீரும் கூலன்ட்டும்தான். வீட்டில் எனக்கு அந்த மரியாதை கிடையாது. டேப்பட் தட்டினால் ஃபீலர் கேஜ் எடுத்து இடைவெளி வைக்கிறேன். ஐடிலிங் நிற்கவில்லை என்றால் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதி மாட்டுகிறேன்.

இந்த ஜெட் அடைப்பில் அரசுக்கும் பங்குண்டு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை, 2030 என்று வைத்த இலக்குக்கு ஐந்தாண்டு முன்பே 2025-இல் கொண்டுவந்துவிட்டோம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய டேங்க்கில் படிந்த அழுக்கைக் கரைத்து ஜெட்டில் கொண்டுவந்து சேர்க்கும். பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும். கேள்விகள் எழுந்தபோது பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது: சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற நேரலாம், செலவு குறைவுதான். அதாவது, ஒரு அமைச்சகம் என்னைக் கழற்றி மாட்டி ஓட்டு என்கிறது. இன்னொரு அமைச்சகம் ஓட்டுகிறாயா, எடு பத்தாயிரம் என்கிறது. இரண்டு அலுவலகமும் இருப்பது ஒரே தில்லியில்தானே?

கைவேலை மீது அரசுக்கு வெறுப்பு என்றும் சொல்ல முடியாது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரத்தால் ராவி, ஒவ்வொரு பூட்டுக்கும் கையாலேயே சாவி செய்யும் தொழிலுக்கான மரியாதை அது. அதே ஆண்டில்தான் ஆம்னியின் உற்பத்தி நின்றது. கையால் பூட்டு செய்தால் பாரம்பரியம். கையால் என்ஜினை ஓடவைத்தால் பழைய இரும்பா?

பாரம்பரியம் என்றதும் உங்கள் இன்னொரு விதி நினைவுக்கு வருகிறது. 2021 ஜூலை அறிவிக்கைப்படி, 50 ஆண்டு தாண்டிய வண்டி ‘விண்டேஜ்’. அதன் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய்தான். அதுவும் 10 ஆண்டுக்கு ஒருமுறை! ஆக, 15 வயதில் கிழம், 20-இல் பாவம், 50-இல் தெய்வம். என் வேனுக்கு 2049-இல் தெய்வப் பதவி. அதற்குப் பிறகு கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் மட்டும் ஓட்டலாமாம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து முருங்கைக்காய் ஏற்றிவரும் வேலை தெய்வத்துக்கு ஆகாது. என்ஜினிலும் பாடியிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்றும் நிபந்தனை உண்டு. பழுதுபார்க்காமல் ஒரு வேன் எப்படி 50-ஐத் தொடும் என்ற குறிப்பு மட்டும் அறிவிக்கையில் காணோம்.

புகையை நான் மறைக்கவில்லை. 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிக்கும் என் கார்புரேட்டருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பாதுகாப்பிலும் அப்படியே: ஆம்னிக்கு முன்மூக்கு கிடையாது, மோதினால் முதலில் நம் முழங்கால்தான். அதனால்தான் 60-க்கு மேல் போவதில்லை. ஆனால், எப்போதாவது சந்தைக்குப் போய்வரும் வேனும் நாள் முழுக்கச் சுற்றும் வேனும் ஒரே அளவு புகையையா விடுகின்றன? காலண்டரிலிருந்து புகை வருவதில்லை ஐயா.

கோரிக்கைகள்:

1. வண்டியின் வயதை விட்டு, புகையையும் பிரேக்கையும் அளந்து கட்டணம் வையுங்கள். தேறாததை நானே உடைப்புக்கு ஓட்டி வருகிறேன். ஓடும் நிலையில் இருந்தால்.

2. உடைப்பு நிலையங்களில் நல்ல பாகங்களைத் தனியே எடுத்து வைத்து, எங்களைப் போன்றவர்களுக்கு விலைப்பட்டியலோடு விற்கச் சொல்லுங்கள்.

3. ரப்பர் ஹோஸ் செலவைப் பெட்ரோலிய அமைச்சகத்திடம் வாங்கித் தாருங்கள்.

கடைசியாக ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது 1988-இல். அதன் விதிகள் 1989-இல். இரண்டும் என் வேனுக்கு அண்ணன்மார். 2019-இல் சட்டத்துக்குப் பெரிய ஓவர்ஹால் நடந்தது. விதிகளுக்கு வருடம் தவறாமல் ஏதாவது பாகம் மாற்றுகிறீர்கள். பழுதுபார்த்தால் இன்னும் ஓடும் என்ற நம்பிக்கைதானே காரணம்? அந்த நம்பிக்கையில் தம்பிக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

இப்படிக்கு,
சீட்டுக்கு அடியில் தலையை விட்டிருக்கும்
மனுதாரர்.

இணைப்பு: தேறிய புகைச் சான்றிதழ் நகல்.
நகல்: பெட்ரோலிய அமைச்சகம் (ஹோஸ், கிளாம்ப், கேஸ்கெட் பில்களுடன்).