சந்தேகத்தின் பலன் புகைக்கே

இந்தியாவில் காற்று மாசால் செத்தவர் என்று ஒருவர்கூட இல்லை. சந்தேகமிருந்தால் நாடாளுமன்றக் குறிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். மாசால் மட்டுமே மரணமோ நோயோ வந்தது என்று நிறுவ உறுதியான தரவு இல்லை என்கிற பதிலை ஒன்றிய அரசு பல ஆண்டுகளாக வாசித்து வருகிறது. கேட்கும் உறுப்பினர் மாறுகிறார், வாசிக்கும் அமைச்சர் மாறுகிறார், பதில் மட்டும் மாறுவதில்லை. புகையோடு முதுமையும் வறுமையும் கூட்டுச் சேர்ந்து ஒரு கிழவரைக் கொன்றால், முதுமைக்குத் தண்டனை, வறுமைக்குத் தண்டனை, புகைக்கு விடுதலை. சந்தேகத்தின் பலனைக் குற்றவாளிக்குத் தருவதில் இந்த அரசைப் போலக் கருணை மிகுந்த நீதிமான் வேறு யாருமில்லை.

2019 நவம்பரில் டெல்லி இருமிச் செத்துக்கொண்டிருந்தபோது, அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் மக்களுக்கு ஒரு மருந்து சொன்னார். கேரட். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் அவர்; மூக்கும் தொண்டையும் படுகிற பாடு தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அடுத்த மாதமே சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர், மாசுக்கும் ஆயுள் குறைவதற்கும் தொடர்பு காட்டும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்று மக்களவையில் அறிவித்தார். இந்திய ஆய்வுதானே வேண்டும்? சரியாக ஓராண்டில், 2020 டிசம்பரில், வந்தது. அரசின் சொந்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான ஐ.சி.எம்.ஆர். அதில் பங்காளி. 2019ஆம் ஆண்டில் மட்டும் காற்று மாசால் 16.7 லட்சம் பேர் இறந்தார்கள், நாட்டின் மொத்த மரணங்களில் 17.8 சதவீதம் அது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. அதற்குப் பிறகும் அவையில் அதே பதில்தான். தன் வீட்டுப் பிள்ளையே சாட்சி சொன்னாலும் மயங்காத நடுநிலை!

பிஎம் 2.5 என்கிற துகள் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியில் சிக்காது, தொண்டைச் சளியில் ஒட்டாது. நுரையீரலின் காற்றுப்பைகளைத் தாண்டி நேரே ரத்தத்தில் இறங்கும். மாரடைப்பு, பக்கவாதம், ஆஸ்துமா, நுரையீரல் புற்றுநோய் என்று ஆளுக்கொரு வேடம் போடும். வயிற்றிலிருக்கும் பிள்ளையைக்கூட விடாது. எடை குறைத்துத்தான் வெளியே அனுப்பும். இந்தத் துகள் ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. வெள்ளைக்காரன் நுரையீரலைவிட நம் நுரையீரல் எட்டு மடங்கு உறுதியானது என்று இதன் மூலம் சட்டப்படி தெரிகிறது. நம் காற்றுத் தரக் குறியீடும் 500ஓடு நின்றுவிடும். அதற்கு மேல் நச்சு ஏறலாம், எண் ஏறக் கூடாது. 2025 அக்டோபரில் டெல்லி அரசு, காற்றைக் கழுவ மழை வேண்டி, விமானம் அனுப்பி மேகத்தில் உப்பு தூவியது. மழை பெய்ய மேகத்தில் ஈரம் இருக்க வேண்டும் என்கிற அரிய உண்மை, பணத்தைக் கரைத்த பிறகு வெளிவந்தது.

டெல்லிக்காரர் பாடு நமக்கெதற்கு என்பவர்கள் எண்ணூர்ப் பக்கம் ஒரு நடை போய் வரலாம். வல்லூர், வடசென்னை அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் சேறாகப் படிந்து கிடக்கிறது. சாம்பல் குளத்தை ஒட்டியே செப்பாக்கம் என்றொரு ஊர். காலையில் கழுவிவிட்ட திண்ணையில் மதியம் விரலால் கோலம் போடலாம். கொடியில் காயும் வேட்டி சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். குடத்து நீரை மூடி வைக்கலாம், சோற்றை மூடி வைக்கலாம். மூக்கை எதைக் கொண்டு மூடுவது?

புகைபோக்கியிலேயே கந்தகத்தைப் பிடித்துவைக்கும் கருவியை இரண்டே ஆண்டில் மாட்ட வேண்டும் என்று 2015 டிசம்பரில் உத்தரவு வந்தது. கெடு முடிந்தது, நீட்டினார்கள். அதுவும் முடிந்தது, இன்னும் நீட்டினார்கள். நீட்டி நீட்டிக் கை வலித்ததோ என்னவோ, 2025 ஜூலையில் நாட்டின் அனல்மின் நிலையங்களில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்குக்குக் கருவியே வேண்டாம் என்று விடுவித்துவிட்டார்கள். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவாம். கருவியை ஓட்டினால் மின்சாரம் செலவாகுமாம், கரியமில வாயு கூடுமாம், பருவநிலை கெடுமாம். கரி எரிக்கிறவனுக்குப் பருவநிலை மேல் எத்தனை பாசம் பாருங்கள்! வெளியே போன கந்தகம் காற்றில் கலந்து அதே நுண்துகளாக மாறித் திரும்பி வருவதைப் பற்றி மட்டும் பேச்சில்லை.

புகைக்குத் தம்பி வெயில். அவனும் நிரபராதி. 2023 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்ட மருத்துவமனையில் சில நாட்களுக்குள் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெயில்தான் காரணம் என்று சொன்ன மருத்துவமனைக் கண்காணிப்பாளரைப் பொறுப்பிலிருந்து தூக்கினார்கள். லக்னோவிலிருந்து வந்த குழு, தண்ணீரில் ஏதாவது இருக்குமோ என்று யோசித்தது. வெயில் தலைக்கு மேலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 1, அதே மாநிலத்தில் வாக்குப்பதிவு. அந்த ஒரே நாளில் தேர்தல் பணியாளர்கள் 33 பேர் வெயிலில் செத்தார்கள். ஜனநாயகத் திருவிழா என்கிறோம். திருவிழா என்றால் பலி இல்லாமலா?

நம்மூர் யோக்கியதையையும் சொல்லிவிடுவோம். 2024 அக்டோபர் 6, மெரினாவில் விமானப்படை சாகசம். லட்சக்கணக்கான கூட்டத்தை உச்சி வெயிலில் மணலில் நிறுத்தினார்கள். ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. குடை, தொப்பி, தண்ணீர் பாட்டிலோடு வரச் சொல்லித்தான் இருந்தார்கள் என்று விளக்கம் வந்தது. ஆகவே செத்தவர்கள் செய்த குற்றம், குடை கொண்டுவராதது. அதே மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல காரியம்தான். ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று சான்று வேண்டும். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

இறப்புக் காரணத்தை மருத்துவர் எழுதித் தரும் தாளுக்குப் படிவம் 4 என்று பெயர். முதல் வரியில் உடனடிக் காரணம், அதன் கீழே அதற்கு இட்டுச் சென்ற காரணங்கள். இதயம் நின்றது என்பது போலச் சாகும் விதத்தை எழுதாதீர்கள், நோயை எழுதுங்கள் என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த அச்சின் மேலேயேதான் ‘இதயத் துடிப்பும் மூச்சும் நின்றன’ என்று எழுதி முடிக்கிறார்கள். தூக்கில் தொங்கியவனுக்கும் இவை இரண்டும் நின்றுதானே போகும்? சென்ட்ரிங் பலகை சுமந்து மயங்கி விழுந்த கொத்தனாரை ஆட்டோவில் போட்டு நெரிசலில் ஊர்ந்து கொண்டுவந்து சேர்க்கும்போது, உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியதா என்று பார்க்க எவரும் வெப்பமானி வைத்திருக்க மாட்டார்கள். சூட்டை அளக்கவில்லை, எனவே சூடு இல்லை. சாராயம் குடிப்பாரா என்று மட்டும் மறக்காமல் கேட்பார்கள். வெயிலில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கருவோ குழந்தையோ தங்காமல் போகும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 பெண்களிடம் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் படிவத்தில் எந்த வரி?

லண்டனில் 2013இல் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயதுச் சிறுமிக்காக அவள் தாய் ஏழு ஆண்டுகள் போராடினார். 2020 டிசம்பரில், காற்று மாசும் காரணம் என்று விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அங்கே ஒரு குழந்தைக்கு எழுத முடிந்த வரியை இங்கே லட்சங்களுக்கு எழுதக் கை வராததற்கு அறியாமை காரணமல்ல. எழுதினால் செலவு. வெயில் என்று எழுதினால் 4 லட்சம் தர வேண்டும், பன்னிரண்டு மணிக்கு மேல் வேலையை நிறுத்தி நிழலும் நீரும் அரைநாள் கூலியும் தர வேண்டும். புகை என்று எழுதினால் மின் நிலையத்தில் கருவி மாட்ட வேண்டும், மாட்டாதவன் மேல் வழக்குப் போட வேண்டும். இதயம் நின்றது என்று எழுதினால் ஒரு மாலையோடு முடிந்துவிடும்.

ஆகவே, அமைச்சர்களே, அடுத்த கூட்டத்தொடரிலும் தரவு இல்லை என்பீர்கள். எண்ண மாட்டேன் என்பவனிடம் கணக்கு எப்படி இருக்கும்? சரி, ஒரே ஓர் உதவி செய்யுங்கள். ஓராண்டில் 16.7 லட்சம் பிணங்கள் உங்களுக்குச் சாட்சியாகப் போதவில்லை என்றால், எத்தனை லட்சம் வந்தால் போதும் என்று அந்தத் தொகையையாவது அவைக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள்.