2110 கலோரியில் லாரி ஓட்டுவது எப்படி?

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆண், உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்றால் நாளுக்கு 2110 கலோரி போதும். நடுத்தர உழைப்புக்கு 2710. கடும் உழைப்பாளிக்கு 3470. முசிறி கைகாட்டிப் பக்கம் வண்டியை ஓரங்கட்டியிருக்கும் டிரைவர் அண்ணனைக் கேட்டால், தான் மூன்றாவது ரகம் என்பார். இத்தனை டன்னை நாசிக் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறவன் வேறென்ன? அண்ணே, இழுப்பது டீசல். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே 2110. கவலை வேண்டாம், வழி இருக்கிறது.

முதல் வேலையாக ஒரு 'நாள்' சம்பாதித்துக்கொள்ளுங்கள். கணக்கு நாளுக்குத்தான், உங்களுக்கு இருப்பதோ ட்ரிப். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. தினம் 8 மணி நேரம் வேலை, 5 மணி நேரத்துக்குள் குறைந்தது அரை மணி ஓய்வு என்றது அது, 2025 நவம்பரில் ரத்தாகும் வரை. டேஷ்போர்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதையும் வையுங்கள். "எங்கப்பா இருக்க, இன்னும் தொட்டியம் தாண்டலையா?" என்று புக்கிங் ஆபீஸிலிருந்து போன் வந்தால் பிரிவு பிரிவாக வாசித்துக் காட்டுங்கள். அதற்கப்புறம் நல்ல நீண்ட ஓய்வு கிடைக்கும்.

அடுத்து புரோட்டா. மாஸ்டர் கல்லிலிருந்து நாலைந்தை அடுக்காக எடுத்து, இரண்டு கையாலும் பக்கவாட்டில் பட்பட்டென்று அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அடியில் அடுக்குதான் பிரியும், கலோரி உதிராது. ஊற்றும் எண்ணெயைப் பொறுத்து ஒன்று ஏறக்குறைய 300. நாலு வைத்தால் 1200. சால்னாவில் மிதக்கும் எண்ணெய் தனிக் கணக்கு, ஸ்பூனுக்கு 45. ஆம்லெட்டும் சேர்ந்தால் அன்றைய ஒதுக்கீட்டில் முக்கால் பங்கு அந்த ஒரு இலையிலேயே முடிந்தது. அளவோடு நிறுத்த எளிய வழி, பசிக்காமல் இருப்பது. பேட்டா காசில் வயிற்றையும் நிரப்ப வேண்டும், மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்றால் மைதாவை அடிக்க இந்தச் சாலையில் வேறு சரக்கு கிடையாது. அந்தக் கணக்கை ஹைதராபாத்தில் யாரும் போட்டுக் கொடுக்கவில்லை.

டீயை உணவென்று யாரும் எண்ணுவதில்லை. ஒரு கிளாஸில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதுவே 40 கலோரி. தூக்கத்தை விரட்ட ராத்திரியில் ஆறு குடித்தால் சர்க்கரை மட்டும் 240. 'சர்க்கரை கம்மி' என்று சொல்லிப் பாருங்கள். மாஸ்டர் தலையாட்டிவிட்டு வழக்கம்போல் போடுவார்.

பழம் சாப்பிடச் சொல்வார்கள் டாக்டர்கள். நல்ல யோசனை. தொட்டியம், முசிறிப் படுகையே வாழைக்காடு. திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-லிருந்து இருக்கிறது. நடுத்தரப் பழம் ஒன்றுக்கு 100 கலோரிதான். உங்கள் முதுகுக்குப் பின்னால் வண்டி நிறைய வாழைத்தார் இருக்கிறதே என்றால், அத்தனையும் பச்சைக்காய். பழுப்பதற்குள் நீங்கள் இறக்கிவிட்டுத் திரும்பியிருப்பீர்கள்.

வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்றால், டூல் பாக்ஸிலிருந்து ஸ்டவ்வை எடுத்து, சக்கர மறைவில் காற்றுப்படாமல் வைத்து, சோறு பொங்கி ஒரு புளிக்குழம்பு கூட்டலாம். வடக்கே போகும் நம்மூர் வண்டிகளில் காலங்காலமாக நடப்பதுதான். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் உருப்படியான யோசனை இது ஒன்றுதான். கிளீனர் வெங்காயம் நறுக்க, டிரைவர் கண்ணயர்ந்த காலம் அது. இப்போது பல வண்டிகளில் கிளீனரே இல்லை. ஓட்டுவதும் நறுக்குவதும் ஒரே ஆள், அதனால் புரோட்டா.

உடற்பயிற்சிக்கு வண்டியைச் சுற்றி வந்து டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பன்னிரண்டு சக்கரத்துக்கு அது ஒரு நிமிட வேலை. தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டினால் நிஜமாகவே வியர்க்கும். ஆனால் வியர்வையில் போவது தண்ணீர்தான், தொப்பை அப்படியே இருக்கும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகிவிட்டதால், புது வண்டிக்காரர்களுக்கு ஓட்டும்போது வியர்க்கும் ஆறுதலும் இல்லை.

ஒரு மாதம் இப்படி இருந்துவிட்டு எடை பாருங்கள். தனி மெஷின் வேண்டாம், எடை மேடை இருக்கிறது. ஆனால் அது ஐந்து கிலோ, பத்து கிலோ என்று தாவித் தாவித்தான் காட்டும். அதற்குள் அடங்கும் தொப்பை தொப்பையே அல்ல. நாசிக்கிலிருந்து திரும்பும்போது கொண்டுவரும் வெங்காய லோடை எடை போடும்போது சீட்டில் உட்கார்ந்திருந்து, காலி எடைக்கு மட்டும் கீழே இறங்கி நின்றீர்களானால் இன்னொரு சௌகரியமும் உண்டு. உடம்பில் ஏற்றிய கிலோ அத்தனைக்கும் வெங்காய விலை கிடைக்கும், சரக்கு ஓனருக்கு.