பஸ் வரும்வரை ஒரு தம்

2008 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி அன்று பொது இடங்களில் புகைபிடிக்க நாடு முழுக்கத் தடை வந்தது. பிடிபட்டால் 200 ரூபாய் வரை அபராதம். விதிகள் கறாரானவை: எச்சரிக்கைப் பலகை குறைந்தது 60க்கு 30 சென்டிமீட்டர், சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் வைக்கக்கூடாது, உணவகத்தில் புகைக்கத் தனியிடம் ஒதுக்க 30 இருக்கையாவது வேண்டும்.

அண்ணாகிராமம் பக்கத்து டீக்கடைகளில் இருப்பதோ ஒரே பெஞ்சு. அதனால் புகைபிடிக்கும் நம்மவர் தனியிடம் கேட்டு யாரையும் தொந்தரவு செய்வதில்லை. பேருந்து நிறுத்தத்தையே ஒதுக்கிக்கொள்கிறார். பெட்டிக்கடையில் நூலில் தொங்கும் லைட்டர் உதவிக்கு வருகிறது. யாராவது முறைத்தால் பதில் தயார்: “பஸ் வந்ததும் அணைச்சிடறேன் சார்.”

ஊராட்சி புதுத் தீர்மானம் எதுவும் போட வேண்டாம். பண்ருட்டி பஸ் நேரத்துக்கு வந்தாலே பாதிப் புகை அடங்கிவிடும்.