பல்லைப் பதம் பார்க்கும் காப்பரிசி

பெயர் சூட்டும் நாளில் காப்பரிசிதான் என்று முதலில் முடிவெடுத்தவர் யாரோ, குறும்புக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும். விழா நாயகர் பிறந்து 11 நாள்தான் ஆகிறது. பல் முளைக்க இன்னும் ஆறு மாதம் போல ஆகும். அவரை மடியில் வாங்கிக் கொஞ்சும் கொள்ளுப்பாட்டிக்கோ பல் போய்ப் பல வருடம். இந்த இருவரையும் நடுவில் உட்கார வைத்துவிட்டு, கடவாய்ப் பல்லுக்கே சவால் விடும் பண்டத்தை வந்தவர்களுக்கெல்லாம் கை நிறைய அள்ளிக் கொடுக்கிறார்கள்.

கும்பகோணத்து வீடு ஒன்றில் பெயர் சூட்டும் புண்ணியாஹவாசனத்துக்கு வடை, பாயசம், ஜாங்கிரி எல்லாவற்றையும் சமையல் கான்ட்ராக்டரிடம் விட்டாயிற்று. "காப்பரிசி மட்டும் நம்ம கையாலதான்" என்று பாட்டி அறிவித்தார். நம்ம கை என்றால் எந்தக் கை என்பதில்தான் சிக்கல். வருடா வருடம் ஆடிப் பெருக்குக்குக் காவிரிக் கரையில் காப்பரிசி படைக்கிற ஊர் அது. அங்கே ஆளுக்கொரு பக்குவம் இல்லாமல் போகுமா?

அரிசி வரைக்கும் சமாதானம் நிலவியது. அரைக் கிலோ பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து, வடித்து, நிழலில் பழைய வேட்டியை விரித்து உலர்த்தினார்கள். கையில் ஒட்டக் கூடாது, ஆனால் உள்ளே ஈரம் இருக்க வேண்டும். வெறும் வாணலியில் வறுக்கும்போது அந்த ஈரம்தான் ஆவியாகி அரிசியை உப்ப வைக்கிறது. ஒரேயடியாகக் காய்ந்த அரிசி சிவக்கும், கருகும், பொரியாது. பொட்டுக்கடலை, படபடவென்று வெடித்த கறுப்பு எள், நெய்யில் சிவந்த தேங்காய்ப் பல், பொடித்த ஏலக்காய் என்று மற்றவை தாம்பாளத்தில் காத்திருந்தன.

வெல்லத்தில் ஆரம்பித்தது. சித்தப்பா வாங்கி வந்த வெல்லம் தங்கம் மாதிரி பளபளத்தது. பெரியப்பா அதை முகர்ந்து பார்த்து, "ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது" என்று தள்ளி வைத்தார். நிறத்துக்காக அதைப் போடுகிறவர்கள் உண்டு என்பதால் சித்தப்பாவால் வாதாட முடியவில்லை. அழுக்குப் பழுப்பில் இருந்த மண்டை வெல்லம் தேர்வானது. வெல்லத்தைப் பார்த்து வாங்க இன்னொரு காரணமும் உண்டு: புளித்த கரும்புச் சாற்றில் காய்ச்சிய வெல்லமானால், அதன் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்து கிடக்கும். அதில் எடுத்த பாகு எவ்வளவு கிண்டினாலும் பிசுபிசுக்குமே ஒழிய இறுகாது. கடைக்காரரிடம் "பாகு வெல்லம்" என்று குறிப்பாகக் கேட்பவர்கள் இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் கேட்கிறார்கள்.

வெல்லம் கரைந்ததும் மண்ணும் சக்கையும் போக வடிகட்டி, பாகு மறுபடி வெண்கல உருளிக்கு ஏறியது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, பாட்டி விரலால் கூட்டினார். மெத்தென்று உருண்டது. "உருட்டுப் பதம். அரிசியைக் கொட்டு" என்றார்.

"அதுக்குள்ளயா? உருட்டித் தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் வரணும்" என்றார் குழந்தையின் அத்தை. காப்புப் போடும் உரிமை அத்தைக்கு; அன்றைக்கு அவர் பேச்சைத் தட்ட முடியாது.

வெளியூரிலிருந்து வந்த மாமா அந்த நேரம் பார்த்துப் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார். சர்க்கரைப் பாகு 112 முதல் 116 டிகிரி செல்சியஸில் உருட்டுப் பதம், 146-ஐத் தாண்டினால் சத்தம் போடும் பதம் என்று விளக்கவுரையும் தந்தார். நீர் வற்ற வற்றப் பாகின் கொதிநிலை ஏறும், ஆகவே சூடு தெரிந்தால் பதம் தெரியும். கணக்கு சரிதான். ஆனால் வெல்லம் வெள்ளைச் சர்க்கரை இல்லை என்பதால் பாட்டி அதை மதிக்கவில்லை. "காய்ச்சல் பாக்கறதைக் கொண்டு வந்து பாகுல விடறான்!"

இந்த விவாதத்தில் அடுப்பைக் குறைத்தார்களே தவிர யாரும் அணைக்கவில்லை. உருளியோ சூட்டை லேசில் விடாத ஜாதி. அரிசி உள்ளே விழுந்தபோது அத்தை கேட்ட சத்தத்தையும் தாண்டி ஒரு பதம் வந்திருந்தது. குழந்தையின் பெயர்கூட, நியூமராலஜி பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டியது உட்பட, பத்து நிமிடத்தில் முடிவாகியிருந்தது.

மறுநாள் காலை, தாம்பாளத்தில் கிடந்த காப்பரிசியைக் கரண்டியால் பெயர்க்கப் பார்த்தார்கள். கரண்டி வளைந்தது. பாட்டி ஒன்றும் பேசாமல் அம்மிக் குழவியை எடுத்து வந்தார். ஹாலில் மந்திரம், சமையலறையில் ணங், ணங்.

பெயர் சொல்லியாயிற்று. கொள்ளுப்பாட்டி, "நாக்குல துளி வெல்லமாவது தடவுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழந்தையின் அம்மா அதைவிடக் கண்டிப்பு. ஆக, விழா நாயகருக்கு அதுவும் கிடையாது.

அடுத்தது தொட்டில். கல்லைப் போல உறுதியாக இருக்க வேண்டுமென்று, குழந்தைக்கு முன்னால் குழவியைத் தொட்டிலில் போடும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அந்தக் குடும்பமும் அவற்றில் ஒன்று. "குழவியைக் கொண்டாங்கோ" என்றார் சாஸ்திரிகள். உடம்பெல்லாம் பாகும் எள்ளுமாக அது வந்து சேர்ந்தது. அத்தை அதைப் பட்டுத் துணியில் சுற்றப் போனார்.

"முதல்ல கழுவுங்க" என்றாள் குழந்தையின் அம்மா. "தொட்டில்ல எறும்பு வரும்."